புயல் கூண்டு ஏற்றிய நாளில் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர மக்கள் சிந்தித்து வாக்களிப்பதில்லை, உணர்ச்சிவசப்பட்டு வாக்களிக்கிறார்கள் என்ற பொருளில் தங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்தது. அதை ஒட்டியும் வெட்டியும் வாசகர் கடிதங்கள் வந்தன. ஒட்டி எழுதியவர்களும் வெட்டி எழுதியவர்களும் ஒரு விஷயத்தில் கைகோத்துக்கொள்கிறார்கள். அறிவு ஒரு கட்சி, உணர்ச்சி எதிர்க்கட்சி, படிப்பும் தகவலும் கூடினால் அறிவு ஜெயித்துவிடும் என்பது இரு தரப்பின் நம்பிக்கை. அரசியல் நம்பிக்கை எப்படி உருவாகிறது என்று அரை நூற்றாண்டுக்கு மேல் சோதித்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ராமநாதபுரம் கடற்கரையும் அப்படி நடந்துகொள்வதில்லை.

முதலில் உணர்ச்சியின் மேல் விழுந்த பழி. நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோ, மூளையின் முன்பகுதியில் நெற்றிக்கு அடியில் சேதமடைந்த நோயாளிகளை ஆராய்ந்தார். கணக்கு, மொழி, நினைவு எல்லாம் அவர்களுக்குச் சரியாகவே இருந்தன. உணர்ச்சி மட்டும் மங்கிவிட்டது. கட்டுரையாளர் கணக்குப்படி இவர்கள்தான் உலகத்திலேயே உத்தமமான வாக்காளர்கள். ஆனால் அவர்களில் ஒருவரிடம், அடுத்து மருத்துவமனைக்கு இந்த நாள் வருகிறீர்களா, அந்த நாளா என்று கேட்டபோது, இரண்டு நாளுக்கும் ஆதரவாகவும் எதிராகவும் அரை மணி நேரம் காரணம் அடுக்கினாரே தவிர முடிவுக்கு வரவில்லை. எது முக்கியம் என்று மனதுக்குச் சொல்வதே உணர்ச்சிதான். அது இல்லாமல் காரணங்கள் வரிசை கட்டி நிற்கும், நகராது.

அடுத்து படிப்பு. யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹான் குழு 2013-ல் வெளியிட்ட சோதனை ஒன்றை இங்கே முழுதாகச் சொல்வது நல்லது. வாசகர்களே போட்டுப் பார்க்கலாம். புதிய களிம்பு பூசியவர்களில் 223 பேருக்குத் தோல் அரிப்பு குறைந்தது, 75 பேருக்குக் கூடியது. பூசாதவர்களில் 107 பேருக்குக் குறைந்தது, 21 பேருக்குக் கூடியது. களிம்பு வேலை செய்கிறதா? 223 பெரிய எண் என்பதால் பலர் "ஆமாம்" என்பார்கள். விகிதம் போட்டால் பூசியவர்களில் குணமானவர்கள் நூற்றுக்கு 75, பூசாதவர்களில் 84. களிம்பு கெடுதல். கணக்கில் கெட்டிக்காரர்கள் இதைச் சரியாகச் சொன்னார்கள். சோதனையில் கலந்துகொண்ட 1,111 பேரில் இன்னொரு பகுதியினருக்கு இதே எண்களை, துப்பாக்கித் தடை கொண்டுவந்த நகரங்களில் குற்றம் குறைந்ததா கூடியதா என்று பெயர் மாற்றிக் கொடுத்தார்கள். விடை தன் கட்சிக்குச் சாதகமாக இருந்தால் கெட்டிக்காரர்கள் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். பாதகமாக இருந்தால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். இரு கட்சிக்கும் நடுவே இடைவெளி அதிகம் தெரிந்தது கணக்குத் தெரியாதவர்களிடம் அல்ல, தெரிந்தவர்களிடம். திரும்பச் செய்து பார்த்த எல்லா இடத்திலும் இதே அளவு பிளவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். என்றாலும் படிப்பு மருந்து என்பவர்களுக்கு இது போதிய எச்சரிக்கை. குதிரைத்திறன் கூடிய இன்ஜினை மாட்டினால் படகு வேகமாகத்தான் போகும்; எந்தத் திசையில் என்பதைச் சுக்கான் பிடித்தவர்தான் தீர்மானிக்கிறார்.

சுக்கான் பிடிப்பது யார்? அமெரிக்காவில் ஜென்னிங்ஸ், நீமி என்ற இருவர் 1965-ல் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் தனித்தனியே கேட்டார்கள். பெற்றோரின் கட்சி பிள்ளைகளிடம் பெருமளவு இறங்கியிருந்தது. ஆனால் தனித்தனிப் பிரச்சினைகளில் பெற்றோரின் கருத்து அந்த அளவுக்கு இறங்கவில்லை. அதாவது அப்பாவின் கட்சி மகனுக்கு வந்துவிடுகிறது, அப்பா அந்தக் கட்சிக்குப் போன காரணம் வருவதில்லை. காரணத்தை மகன் பிறகு தானே தேடிச் சேர்த்துக்கொள்கிறான். அது ஆரம்பத்திலிருந்தே தன்னிடம் இருந்ததாகவும் நினைத்துக்கொள்கிறான்.

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்தக் கரையிலும் இதைப் பார்க்கலாம். வீட்டுச் சுவரில் தொங்கும் தலைவர் படம், கல்யாணப் பத்திரிகையில் 'முன்னிலை' என்று போடும் பெயர், ஊர் முகப்பில் முதலில் நட்ட கொடிக்கம்பம், டீக்கடையில் வாங்கும் பேப்பர். பத்து வயதுக்குள் இவ்வளவும் கண்ணில் பட்டுவிடும். தேர்தல் அறிக்கை கையில் கிடைப்பது பதினெட்டுக்குப் பிறகு, கிடைத்தால்.

வயது வந்த பிறகு இதன் மேல் பொருளாதாரம் ஏறுகிறது. விசைப்படகுக்காரருக்கு டீசலும் ஐஸும் கடனாக வர வேண்டும். இறாலையும் கணவாயையும் எடுக்கும் கம்பெனியிடம் ஏற்கெனவே கடன் நிற்கும். படகில் போகும் தொழிலாளி உரிமையாளரிடம் முன்பணம் வாங்கியிருப்பார். இவர்கள் எல்லோரும் ஒரே சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது தீர்மானத்துக்கு மாறாக ஒருவர் எழுந்து பேச வேண்டுமானால், அவர் முதலில் போடும் கணக்கு தீர்மானம் சரியா தப்பா என்பதல்ல, அடுத்த நடைக்கு ஐஸ் வருமா என்பதுதான். இதை மூடத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோடு பற்றி ஒரு தனி மனிதர் சரியாக நினைப்பதால் அவருக்குக் கைமேல் லாபம் எதுவும் இல்லை. ஊரோடு முரண்பட்டால் நஷ்டம் மறுநாளே தெரியும்.

இந்தக் கரைக்கே உரிய இன்னொன்றை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பாக் நீரிணைப் பகுதியில் வலைச் சண்டையைத் தவிர்க்க, இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) போடும் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்திருக்கிறார்கள். ராமேஸ்வரத்தில் விசைப்படகு நாட்கள் திங்கள், புதன், சனி. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் ஒரு தரப்பு கரையில் இருக்கும் மாலையில் மறு தரப்பு கடலில் இருக்கிறது. ஒரே ஊரில் பிறந்து, ஒரே கடலை நம்பி வாழும் இரண்டு கூட்டம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கும் வாய்ப்பு வாரம் முழுக்கக் குறைந்துகொண்டே போகிறது. "இழுவைமடிக்காரன் கடலை அழிக்கிறான்", "நாட்டுப்படகுக்காரன் நம் தொழிலைக் கெடுக்கிறான்" என்ற இரண்டு வாக்கியமும் எதிராளி காதில் விழாமலே முற்றிப் பழுக்கின்றன.

இப்படிக் கோடு போட்டுவிட்டால் மனித மனம் என்ன செய்யும் என்பதை ஹென்றி தாஜ்ஃபெல் 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிச் சிறுவர்களை வைத்துக் காட்டினார். அற்பமான காரணம் சொல்லி இரண்டு குழுவாகப் பிரித்தார். யார் எந்தக் குழு என்றுகூட ஒருவருக்கொருவர் தெரியாது. பிறகு காசு பங்கிடச் சொன்னார். தன் குழுவுக்கு அதிகபட்சத் தொகை கிடைக்கும் வழியை விட்டுவிட்டு, தொகை குறைந்தாலும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கும் வழியைப் பலர் எடுத்தார்கள். பங்கு குறைந்தாலும் பரவாயில்லை, அவனைவிடக் கூட வர வேண்டும். மானியம், கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் டோக்கன், இறங்குதளம் பற்றிய வாக்குவாதம் எதையாவது இதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

வாட்ஸ்அப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டதால் ஒன்றே ஒன்று. திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் உண்மை போலத் தோன்றும் என்பது 1977-லேயே சோதனையில் கிடைத்த முடிவு. ஒரே குரல்பதிவு சங்கக் குழுவிலும், தேவாலயப் பங்கு அல்லது ஜமாத் குழுவிலும், கட்சிக் குழுவிலும், வளைகுடாவில் இருக்கும் மச்சானிடமிருந்தும் வரும்போது மனம் அதை நான்கு சாட்சியாக எண்ணிவிடுகிறது. பலமுறை அனுப்பப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்கோ ஒரே ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும் என்று 2020-ல் கட்டுப்பாடு வந்தது. வேகம் குறைந்தது, எண்ணும் பழக்கம் போகவில்லை.

அப்படியானால் பேசிப் பயனே இல்லையா? உண்டு. எந்த நாளில், எத்தனை பேரோடு, என்ன கேள்வி வைத்து என்பதில்தான் சூட்சுமம்.

நாளை எடுத்துக்கொள்வோம். கோபமும் கவலையும் மனதை எதிரெதிர் வழியில் தள்ளுகின்றன என்பது அரசியல் உளவியலில் ஜார்ஜ் மார்கஸும் அவரைச் சேர்ந்தவர்களும் வளர்த்தெடுத்த முடிவு. கோபத்தில் இருப்பவர் ஏற்கெனவே வைத்திருக்கும் முடிவை இறுக்கிப் பிடிக்கிறார், புதிய தகவல் தேடுவதில்லை. கவலையில் இருப்பவர் பழக்கத்தைத் தளர்த்திவிட்டு விசாரிக்கத் தொடங்குகிறார். மீனவர்கள் கைதாகி, படகு பறிபோன வாரத்தில் கூட்டம் போட்டு "நிதானமாக யோசியுங்கள்" என்றால் எடுபடாது. அந்தக் கோபம் நியாயமானதும்கூட. தேர்தல் காலமும் உதவாது. தமிழ்நாட்டில் 2014 மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 24, 2019-ல் ஏப்ரல் 18, 2024-ல் ஏப்ரல் 19. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. மூன்று முறையும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்க, வருமானம் நின்று, நிவாரணத் தொகை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் முதல் பத்து நாளுக்குள்தான் வாக்குப்பதிவு நடந்திருக்கிறது. தேதி குறித்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் கட்சிக்காரர்களுக்குத் தெரியும்.

ஏற்ற நாள், பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் அல்லது மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் நாள். டோக்கன் கிடையாது. விசைப்படகு, நாட்டுப்படகு இரண்டுமே கரையில். யார் மேலும் கோபம் இல்லை, வானத்தைப் பார்த்துக் கொஞ்சம் கவலை மட்டும். எல்லோரும் விசாரித்துக்கொண்டிருக்கும் நேரம். ஐப்பசி, கார்த்திகையில் இப்படிப்பட்ட நாள் தானே வரும், தேர்தலுக்கும் மாதங்கள் இருக்கும். கூண்டு எண் மேலே ஏறினால் கூட்டத்தை விட்டுவிட்டுப் படகைக் கட்டப் போக வேண்டியதுதான்.

இடம் பொதுவாக இருக்க வேண்டும். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், சங்கக் கட்டடம் வேண்டாம். வலைக்கூடம் சரி. எட்டுப் பேரிலிருந்து பன்னிரண்டு பேர் வரை. ஒன்றரை மணி நேரம். சங்கத் தலைவர், கடன் கொடுப்பவர், வேட்பாளர் ஆகும் ஆசையுள்ளவர் மூவரும் உள்ளே வேண்டாம். மரியாதையாக முன்பே சொல்லிவிட வேண்டும்.

சாலமன் ஆஷ் 1950-களில் செய்த கோடு அளக்கும் சோதனை இதற்கு நேரடி வழிகாட்டி. சுற்றியுள்ளவர்கள் வேண்டுமென்றே தவறான விடை சொல்லும்போது, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கோட்டின் நீளத்தைக்கூட மூன்றில் ஒரு பங்கு தடவை மக்கள் மாற்றிச் சொன்னார்கள். நான்கு பேரில் மூவர் ஒருமுறையாவது ஒத்துப்போனார்கள். இதில் கூட்டம் நடத்துபவருக்குப் பயன்படும் விவரங்கள் மூன்று. மூன்று பேர் ஒரே விடை சொன்னாலே அழுத்தம் ஏறக்குறைய முழுமையாகிவிடுகிறது. ஆகவே முதல் மூன்று பேச்சாளர் முக்கியம். வயதில் இளையவரையும் அதிகம் பேசாதவரையும் முதலில் கேட்க வேண்டும். ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னாலும் அழுத்தம் உடைந்துபோகிறது. விடையை வாயால் சொல்லாமல் தனியாக எழுதச் சொன்னாலும் வெகுவாகக் குறைகிறது.

எழுதச் சொன்னால் எழுதத் தெரியாதவர் கூசிப்போவார். அதனால் ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. "இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும்" என்பதில் எவ்வளவு உறுதியோ அத்தனை கொட்டை, துணி மூடிய பானைக்குள். மிச்சம் மடியில். பானையின் அடியில் பழைய துணியைத் திணிக்க மறந்தால் கொட்டை விழும் சத்தத்தை எண்ணிவிடுவார்கள், அதோடு ரகசியம் போயிற்று. கையை முழுதாக உள்ளே விட்டுப் போடச் சொல்ல வேண்டும்.

இப்போது கேள்வி. "கச்சத்தீவை மீட்க வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டால் கிடைப்பது கட்சி, கருத்தல்ல. "ஏன் மீட்க வேண்டும்?" என்றாலும் அதே கதைதான், காரணம் கேட்டால் மனிதர்கள் ஏற்கெனவே உள்ள நிலையை இன்னும் கெட்டியாக்கிக்கொள்கிறார்கள். "மீட்டால், நம் கரையில் இறங்கும் மீன் எப்படிக் கூடும்? ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். ஃபெர்ன்பாக்கும் சக ஆய்வாளர்களும் 2013-ல் இந்த வேறுபாட்டைச் சோதித்தார்கள். இயங்கும் விதத்தை விளக்கச் சொன்னதும், தனக்குத் தெரியும் என்று நினைத்த அளவு குறைந்தது, தீவிரமும் தளர்ந்தது. பின்வந்த சோதனைகளில் முதலாவது நன்றாகவே நின்றது. இரண்டாவது எல்லா முறையும் நிற்கவில்லை. முதலாவது மட்டும் கிடைத்தாலே கூட்டம் போட்டது வீண் இல்லை.

இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் வரைய வேண்டும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எப்படிப் போவது என்று தெரியாத இடத்தில் வெறும் கட்டம். தலைக்குப் பத்து நிமிடம். கச்சத்தீவு 285 ஏக்கர். எல்லைக்கோடு அதன் மேற்கே ஒட்டினாற்போல் போகிறது. தீவு கிடைத்தால் கோடு எவ்வளவு தள்ளிப் போகும்? தீவைச் சுற்றி ஒரு வளையம் மட்டுமா, இலங்கையின் நெடுந்தீவுக்கும் இதற்கும் நடுப்பாதி வரையா? கட்டம். இறால் படும் இடம் அந்த வளையத்துக்குள்ளா, வெளியிலா? இதற்கு யாரும் புத்தகம் பார்க்க வேண்டியதில்லை, வந்திருப்பவர்களுக்கே தெரியும், ஆனால் மேடையில் இதுவரை அவர்களிடம் கேட்டதில்லை. மீனவர்களும், அந்தோணியார் திருவிழாவுக்குப் போகும் யாத்திரிகர்களும் தீவுக்குப் போய்வர இந்திய-இலங்கை 1974 ஒப்பந்தத்தில் வழி இருந்தது. எதிர் எல்லைக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்பது 1976 கடிதப் பரிமாற்றத்தில் வந்தது. அப்படியானால் தடை நீங்கத் திருத்த வேண்டியது 1974-ஆ, 1976-ஆ? இங்கே பெரும்பாலும் சாக்பீஸ் நிற்கும். இலங்கை 2017-ல் இழுவைமடிக்குச் சட்டப்படி தடை போட்டிருக்கிறதே, கோடு நகர்ந்தால் அது என்ன ஆகும்? இன்னொரு கட்டம்.

மறு தரப்புக்கும் இதே தரையில் இதே சாக்பீஸ். "இழுவைமடியை நிறுத்து" என்பவர் அது எப்படி நடக்கும் என்று வரையட்டும். கரையை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகுக்கு இடமில்லை என்பது தமிழ்நாட்டின் 1983 கடல் மீன்பிடிச் சட்டம். அதற்கு வெளியே எல்லைக்கோட்டுக்குள் எத்தனை படகு தாங்கும்? ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற 2017-ல் வந்த திட்டத்தில் படகு விலை அப்போது 80 லட்சம் ரூபாய். மத்திய, மாநில மானியம் 56 லட்சம், உரிமையாளர் பங்கு 8 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம். சூரை மீனுக்குத் தூண்டில் போட வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். ஓர் இரவு தங்கித் திரும்பிப் பழகிய தொழிலாளி அதற்குப் போவாரா? வாங்கிய முன்பணம் யார் தலையில்? ஐஸ் கம்பெனி, வலை பின்னுபவர், சங்காயம் என்னும் கழிவு மீனை வாங்கிக் கருவாடு போடும் பெண்கள் எங்கே போவார்கள்? நாட்டுப்படகுக்காரர் இந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டு நிமிரும்போது, விசைப்படகுக்காரர் அவற்றில் இரண்டை நிரப்பிக் கொடுப்பதற்கு இடம் உண்டு. கூட்டத்தின் சாரமே அங்கேதான்.

பிறகு பானை மறுபடி சுற்றி வரும். மொத்த எண்ணிக்கை மட்டும் சொன்னால் போதும். யார் குறைத்தார் என்று கேட்கக் கூடாது, கைதூக்கச் சொல்லவும் கூடாது. தீர்மானம் நிறைவேற்றினால் எல்லாம் கெட்டது. தீர்மானம் என்றதும் மறுபடி சங்கக் கூட்டம் ஆகிவிடும்.

கெடுவது பெரும்பாலும் நான்கு இடத்தில். யாராவது செல்போனில் படம் எடுப்பது: அந்த நொடியிலிருந்து எல்லோரும் அறைக்கு வெளியே உள்ளவர்களுக்காகப் பேசுவார்கள். நடத்துபவர் ஆசிரியராக இருந்து கட்டங்களைத் தானே நிரப்பிவிடுவது. விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்தச் சபலம் அதிகம். "தெரியாது" என்றவரைப் பார்த்து ஒருவர் சிரிப்பது. இதைத் தவிர்க்க நடத்துபவர் தன் படத்தில் ஒரு வெற்றுக் கட்டத்தை முதலிலேயே காட்டிவிட வேண்டும். நான்காவது, ஆண்களோடு பெண்களை உட்கார வைத்துவிட்டுக் கலந்துரையாடல் நடந்ததாக எழுதிக்கொள்வது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு அரசாங்கம் என்றால் வனத்துறை. 1986-ல் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆன பிறகு அவர்களுடைய தொழிலின் எல்லைக்கோடு அதுதான், கச்சத்தீவு அல்ல. வீட்டுக்குள் கட்சி ஒன்றாக இருக்கலாம், கேள்வி வேறு. அவர்களுக்குத் தனிக் கூட்டம், அவர்கள் குறிக்கும் நேரத்தில்.

தங்கள் நாளிதழ் செய்யக்கூடியது இரண்டு. தவறான செய்தியை மறுக்கும்போது தலைப்பில் தவறையே கொட்டை எழுத்தில் போடாதீர்கள். தலைப்பைப் படித்துவிட்டுப் போகிறவர் மனதில் தவறுதான் இன்னொரு முறை பதியும். உண்மை முதல் வரியில், தவறு ஒரே முறை நடுவில், மறுபடி உண்மை. மறுத்தால் ஜனங்கள் இன்னும் பிடிவாதமாவார்கள் என்று 2010-ல் ஓர் ஆய்வு பயமுறுத்தியது. பெரிய அளவில் திரும்பச் சோதித்தபோது அந்தப் பயம் பெரும்பாலும் பொய்த்தது. மறுப்பு தகவலைத் திருத்துகிறது. வாக்கை மாற்றும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாவது, தேர்தல் நேரத்தில் கடற்கரை பற்றிய வாக்குறுதிகளைக் கட்சிப் பெயர் இல்லாமல் மூன்று மூன்றாக வெளியிட்டு, பெயரை மறுநாள் போடுங்கள். ஜெஃப்ரி கோஹன் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரே திட்டத்தை இரண்டு கட்சிப் பெயரில் மாற்றி மாற்றிக் கொடுத்தார். தன் கட்சிப் பெயர் இருந்தால், தன் கொள்கைக்கு நேர் எதிரான திட்டத்தையும் மாணவர்கள் ஆதரித்தார்கள். கட்சிக்காக ஆதரித்ததாகப் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளவில்லை, திட்டத்தின் தரத்தைப் பார்த்தோம் என்றார்கள். தேர்தல் அறிக்கையின் வரிகளை அப்படியே எடுத்துப் போட்டால் பெயரை மறைத்தும் பயனிருக்காது. 'ஒன்றிய அரசு' என்றோ 'மத்திய அரசு' என்றோ பார்த்த கணத்தில் வாசகர் கண்டுபிடித்துவிடுவார். எல்லாவற்றையும் தங்கள் உதவி ஆசிரியர் ஒருவரே ஒரே நடையில் திருப்பி எழுத வேண்டும். தொகை, ஆண்டு, எந்தத் துறை செலவழிக்கும் என்ற மூன்று விவரமும் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். அறிக்கையில் அந்த விவரம் இல்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாகவே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், தங்கச்சிமடம்